பழனி மலைக் காடும் பளியர் போட்ட வரைபடமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் அண்ணன் போன வாரம் போன் பண்ணி, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா யாரையும் தூங்க வச்சிடாதே. உன் பேச்சு முடிஞ்சாத்தான் சாப்பாடு" என்றார். சாப்பாட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கிறவனுடைய நிலைமை எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் நானும் இருந்தவன்தான்.

நான் இங்கே சிவில் முடித்துப் பதினாலு வருஷம் ஆகிறது. தொழில், நில அளவையும் வரைபடமும். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒரு மலையை யார் வரைந்தார்கள், வரையும்போது யாரை விட்டுவிட்டார்கள், விடப்பட்டவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பதுதான் பேச்சு. மலை, பழனி மலை. நமக்குத் தெரிந்த பெயரில் சொன்னால் கொடைக்கானல்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் கொடைக்கானல் டூர் போகாத பேட்ச் ஏதாவது உண்டா? கை தூக்குங்க பார்ப்போம். இல்லை. வத்தலக்குண்டில் டீ, டம்டம் பாறையில் ஒரு வாந்தி, வெள்ளி நீர்வீழ்ச்சியில் குரங்குக்குக் கொஞ்சம் பொரி, ஏரியில் படகு, அப்புறம் பைன் காட்டில் குரூப் போட்டோ. குணா குகைக்கு 1991-லிருந்தே கூட்டம் உண்டு. 2024-ல் அந்த மலையாளப் படம் வந்ததும் கேட்கவே வேண்டாம். எல்லார் வீட்டு ஆல்பத்திலும் அந்த பைன் மரத்தடிப் போட்டோ இருக்கும். நேர் நேரான மரம், கீழே ஒரு செடி கிடையாது, வெளிச்சம் பட்டை பட்டையாக விழும். போட்டோவுக்கு அருமையான இடம்.

அது காடு இல்லீங்க. நட்டது. நம்ம கிரவுண்டைச் சுற்றி நட்டிருக்கிற அசோக மரம் மாதிரி, வரிசை பார்த்து நட்டது. கீழே செடி முளைக்காததற்குக் காரணம் உதிர்ந்து மெத்தையாகக் கிடக்கும் பைன் ஊசி. அதற்குள் ஒரு பறவைச் சத்தம் கேட்கிறதா என்று அடுத்த முறை போகும்போது கவனியுங்கள்.

அந்த மலையின் உச்சியில் முன்பு இருந்தது வேறு. மலை முதுகெல்லாம் புல்வெளி, இரண்டு முதுகுக்கு நடுவில் பள்ளத்தில் சோலை. சோலை என்றால் குட்டையான, குடை பிடித்த மாதிரி கவிந்த, பாசியும் ஆர்க்கிடும் அப்பிய மழைக்காடு. புல்வெளியும் சோலையும் சேர்ந்து ஒரு ஸ்பாஞ்சு. ஹைட்ராலஜி எடுத்த நம்ம பேராசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள், நான் தப்பாகச் சொன்னால் திருத்தட்டும். மழையை வாங்கி வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். மஞ்சளாறு, மருதாநதி, வரதமாநதி, குதிரையாறு, பாலாறு-பொருந்தலாறு என்று அடிவாரத்தைச் சுற்றி இருக்கிற அணைகளைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் தண்ணீர் அந்த மலையிலிருந்துதான். கிழக்கே, தெற்கே வடிவது வைகைக்குப் போகிறது. வடக்கே வடிவது அமராவதிக்குப் போகிறது.

இந்தப் புல்வெளியை வெள்ளைக்காரன் காலத்து ரெக்கார்டும் சரி, அதற்குப் பின்னால் வந்த ரெக்கார்டும் சரி, சும்மா கிடக்கிற நிலம் என்றுதான் பார்த்தன. மரம் இல்லையென்றால் தரிசு. தரிசு என்றால் நட்டுவிடு. தோல் பதனிட டானின் வேண்டும், ஆகவே வாட்டில் என்கிற சீகை மரம். ரேயான் ஆலைக்குக் கூழ் வேண்டும், ஆகவே யூகலிப்டஸ். கூடவே பைன். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, 1973-ஆம் வருஷத்துச் செயற்கைக்கோள் படத்தையும் 2014-ஆம் வருஷத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டது. புல்வெளி சுமார் 374 சதுர கிலோமீட்டரிலிருந்து 124-க்கு வந்துவிட்டது. சோலை 66-லிருந்து 46. நட்ட மரம் 217-க்கு ஏறிவிட்டது. விவசாய நிலம் இரண்டு மடங்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், 'மரப்பரப்பு' என்ற ஒரே ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு இந்த நாற்பது வருஷத்தில் அந்த மலை பச்சையாகிக்கொண்டே வந்த மாதிரித் தெரியும். காட்டை வெட்டி அழிப்பது நமக்குத் தெரியும். மரம் நட்டே ஒரு நிலத்தை அழித்த கதை இது. வெட்டியவன்மேல் வழக்குப் போடலாம். நட்டவன்மேல் என்ன வழக்குப் போடுவது?

மேல்மலையில் இப்படி. கீழ்மலையில் கதை வேறு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி பக்கம் காபி, ஆரஞ்சு, மலைவாழை, மிளகு. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாட்சி வாழை அந்தப் பக்கத்துப் பழம்தான். நான் விவசாயிகளைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தோட்டம் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் காடு. அந்தக் காட்டில் ஆள் இருந்தார்கள்.

அவர்கள்தான் பளியர்கள்.

திண்டுக்கல், தேனி, மதுரை, விருதுநகர் மாவட்ட மலைகளில் சிதறிக் கிடக்கிற சில ஆயிரம் பேர். வள்ளிக்கிழங்கு தோண்டி, பாறையில் கொடி கட்டி இறங்கித் தேன் எடுத்து, கடுக்காய், பாசி என்று பொறுக்கி வாழ்ந்தவர்கள். சாமி, பளிச்சியம்மன். 1908-லேயே தாமன் என்கிற பாதிரியார் பழனி மலைப் பளியர்களைப் பற்றி ஓர் ஐரோப்பிய மானிடவியல் இதழில் கட்டுரை எழுதியிருக்கிறார். 1962-லிருந்து 64 வரை பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் பளியர்களோடு தங்கி ஆராய்ந்தார். அவர் எழுதியதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பளியர்களுக்குள் தலைவன் என்று அதட்டுகிற ஆள் கிடையாது. ஒருவனை இன்னொருவன் அவமதிப்பது பெரிய தப்பு. அதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'தரக்குறைவு'. நம்ம ஊர் வார்த்தைதான். சண்டை வருகிற மாதிரி இருந்தால் திருப்பி அடிக்க மாட்டார்கள். எழுந்து போய்விடுவார்கள். வெளியாள் வந்து அதட்டினாலும் அதேதான். காட்டுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விடுவார்கள்.

காடு பெரிசாக இருந்த வரைக்கும் இது நல்ல வழி. இப்போது யோசித்துப் பாருங்கள். மேலே வாட்டில், கீழே காபி, நடுவில் ரிசர்வ் காட்டின் எல்லைக்கல். தள்ளிப்போக எங்கே இடம்? பல குடும்பங்கள் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. அவர்களைச் சுற்றியிருந்த காடு தோட்டமாக மாறியது, அவர்கள் அதே இடத்தில் கூலியாக மாறினார்கள். முன்பணம் வாங்கி, அது அடையாமல், அடுத்த தலைமுறைக்கும் அந்தக் கடன் போன கதைகள் கீழ்மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"ஏன் சார் அவங்க போராடலை?" என்று போன வருஷம் நம்ம கல்லூரித் தம்பி ஒருவரே என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மலேசியாவில், போர்னியோ தீவின் சரவாக் மாநிலத்தில் பெனான் என்று ஒரு மக்கள். அவர்களும் பளியர் மாதிரியே காட்டில் அலைந்து உண்டவர்கள், அதிர்ந்து பேசாதவர்கள். மரக் கம்பெனி புல்டோசர் வந்தபோது 1987-ல் ரோட்டின் குறுக்கே மூங்கிலைக் கட்டி, குழந்தை குட்டியோடு வந்து உட்கார்ந்தார்கள். கைது, வழக்கு எல்லாம் வந்தது. உலகம் முழுக்கப் பத்திரிகையில் படம் வந்தது. அதற்கப்புறம் அதே மக்கள் பல வருஷம் காட்டை நடந்து நடந்து அளந்து, 2017-ல் அறுபத்துச் சொச்சம் கிராமங்களுக்கான வரைபடங்களைக் கொண்டுபோய் அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். ஆறு பெயர், மேட்டின் பெயர், கல்லறை, விஷ அம்புக்குப் பால் எடுக்கும் மரம் எல்லாம் அதில் உண்டு. மூங்கில் தடுப்புப் படத்தைப் பார்த்தவர்கள் நிறைய. வரைபடக் கதை தெரிந்தவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவதுதான் பெரிசாகப் படுகிறது. என் தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் நம்ம நாட்டில் 2006-க்குப் பிறகு வரைபடம் என்பது சட்டப்படி ஓர் ஆயுதம். வன உரிமைச் சட்டம், 2006. பெயரைக் கேட்டிருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள். பொறியாளர்கள் படிக்க வேண்டிய சட்டம் என்று நான் அடித்துச் சொல்வேன். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, 2005 டிசம்பர் 13-க்கு முன்னாலிருந்து காட்டில் குடியிருந்து பயிர் செய்கிற பழங்குடிக் குடும்பத்துக்கு, கையில் இருக்கும் நிலம் வரை, அதிகபட்சம் நாலு ஹெக்டேர், உரிமை. அதை விற்க முடியாது, பிள்ளைகளுக்கு மட்டும் போகும். பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் அங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டும்.

இன்னொன்றுதான் முக்கியம். ஓர் ஊர் காலம் காலமாகப் புழங்கி வந்த காடு முழுவதையும் காப்பாற்ற, நிர்வகிக்க அந்த ஊர்க் கிராம சபைக்கு உரிமை உண்டு. சமூக வன வள உரிமை என்று பெயர். பட்டா மாதிரி சொந்தம் கொண்டாடுவது இல்லை இது. "எங்களைக் கேட்காமல் இங்கே எதையும் செய்யாதே" என்று சொல்லும் அதிகாரம். வாட்டில் நடும்போது யாராவது பளியரைக் கேட்டார்களா? தோட்டத்துக்குக் குத்தகை கொடுத்தபோது? அன்றைக்குக் கேட்கவேண்டிய சட்டக் கட்டாயமே கிடையாது. இன்றைக்கு உண்டு.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2013-ல் ஒடிசாவில் நியம்கிரி மலை சாட்சி. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்று கிராம சபைகளைக் கேளுங்கள் என உச்ச நீதிமன்றம் சொன்னது. டோங்ரியா கோந்த் மக்களும் மற்றவர்களும் வாழும் பன்னிரண்டு ஊர்களில் சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? பழனி மலையிலிருந்து மேற்கே பார்த்தால் ஆனைமலை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் மறுபக்கச் சரிவில், கேரளத்தில், வாழச்சால். அங்கே இருப்பவர்கள் காடர்கள். பெயரிலேயே காடு. ஆற்றில் முன்பு கட்டிய அணைகளுக்காகவே இடம் பெயர்ந்தவர்கள். அப்புறம் அதிரப்பள்ளியில் 163 மெகாவாட் நீர்மின் திட்டம் என்று ஒன்று வந்தது. நம்ம எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் கோபிக்கக் கூடாது, நீர்மின்சாரத்துக்கு நான் விரோதி இல்லை. ஆனால் ஏற்கெனவே பல அணைகள் இருக்கிற சாலக்குடி ஆற்றில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம், அந்தத் தண்ணீரில் சொன்ன யூனிட் வருமா என்று கேட்டவர்கள் பெரும்பாலும் பொறியாளர்கள் இல்லை, ஆற்றங்கரை மக்கள். வழக்கு, பொது விசாரணை என்று வருஷக்கணக்கில் நடந்தது. இதற்கு நடுவில் காடர்கள் சத்தமில்லாமல் இன்னொரு வேலை செய்தார்கள். ஊர் ஊராக உட்கார்ந்து தங்கள் காட்டை வரைந்தார்கள். தேன் எடுக்கிற மரம் எது, மீன் பிடிக்கிற கயம் எது, குங்கிலியம் எங்கே என்று குறித்தார்கள். 2014-ல் ஒன்பது ஊர்களுக்குச் சுமார் 400 சதுர கிலோமீட்டர் காட்டின்மேல் சமூக உரிமை கிடைத்தது. வாழச்சால் ஊரின் மூப்பத்தி கீதா, அந்த மக்களில் தலைமைக்கு வந்த பெண், அந்த உரிமைப் பத்திரத்தை வைத்துக்கொண்டுதான் அணையை எதிர்த்துப் பேசினார். திட்டம் பல முறை பரணிலிருந்து இறங்கியது, அணை எழும்பவில்லை. காரணம் அந்தப் பத்திரம் மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அரசியல் இருந்தது, சூழல் இயக்கங்கள் இருந்தன. ஆனால் "இந்தக் காட்டில் யாரும் இல்லை" என்று யாராலும் எழுத முடியாமல் போனது அந்தப் பத்திரத்தால்.

தமிழ்நாட்டில் என்ன ஆனது? இங்கே சட்டம் வந்தும் தாமதம். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த ஓர் இடைக்கால உத்தரவால், உரிமைப் பத்திரம் கொடுப்பதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றானது. அது 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் நீங்கியது. எட்டு வருஷம். அதற்குள் நான் படிப்பை முடித்து, இரண்டு கம்பெனி மாறிவிட்டேன். இதற்கு நடுவில் 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சுமார் 600 சதுர கிலோமீட்டர். சரணாலயம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எல்லைக்கோடு போடுகிறபோது உள்ளே இருக்கிறவர்களின் உரிமை முதலில் முடிவாக வேண்டும். உரிமை தீர்மானமாகும் வரை ஒருவரையும் வெளியேற்றக் கூடாது என்று 2006 சட்டமே சொல்கிறது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி ஓர் உத்தரவு போட்டு, இரண்டு வாரத்தில் அதை நிறுத்தி வைத்தது. அந்த இரண்டு வாரம் நாடு முழுக்க எத்தனை லட்சம் குடும்பங்கள் தூங்கியிருக்காது!

அதே 2019, ஆகஸ்ட் மாதம். ஆனைமலையின் நம்ம பக்கத்தில், வால்பாறைக்குக் கிட்டே கல்லார் என்ற காடர் குடியிருப்பில் மழையில் நிலம் சரிந்தது. அந்த மக்கள் பக்கத்திலேயே தெப்பக்குளமேடு என்கிற இடத்துக்குப் போகிறோம், அது எங்கள் காடு, மண் உறுதியான இடம் என்றார்கள். கிடைத்தது தேயிலைத் தோட்டத்துப் பழைய லைன் வீடு. அங்கேயும் இங்கேயும் நடந்து, மனு கொடுத்து, போராடி, அப்புறம்தான் கேட்ட இடம் கிடைத்தது. நிலச்சரிவில் எந்த மேடு நிற்கும், எது நிற்காது என்று ஜியோடெக்னிக்கல் ரிப்போர்ட் இல்லாமல் சொன்னவர்கள் அவர்கள். நாம் அந்த ரிப்போர்ட்டுக்குப் பீஸ் வாங்குகிறவர்கள்.

இப்போது என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். ஊர் பெயர் சொல்ல மாட்டேன், மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. கீழ்மலையில் ஒரு பளியர் குடியிருப்பு. சமூக வன வள உரிமைக்கு மனுப் போடுகிறார்கள், வரைபடத்துக்கு ஆள் வேண்டும் என்று ஒரு நண்பர் கூப்பிட்டார். நான் ஹேண்ட் ஜிபிஎஸ், சர்வே ஆஃப் இந்தியாவின் 58-எஃப் வரிசை டோப்போ ஷீட், ஒரு லேப்டாப் எல்லாம் எடுத்துக்கொண்டு ஜம்பமாகப் போனேன். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் அவர் மகள், நடுவில் நான். மூன்று நாள் நடந்தோம்.

டோப்போ ஷீட்டில் அந்த வழி முழுக்க இரண்டே இரண்டு பெயர்தான் அச்சாகியிருந்தது. பெரியவர் நூறு அடிக்கு ஒரு பெயர் சொன்னார். இது தேன் பாறை, இதில் நாலு கூடு, ஒன்றை எடுக்க மாட்டோம், விட்டு வைப்போம். இது கிழங்குச் சரிவு, தோண்டினால் தலைப்பகுதியைத் திரும்பப் புதைத்துவிட்டு வரவேண்டும், அடுத்த வருஷத்துக்கு. இது எங்க அப்பாவைப் புதைச்ச இடம் தம்பி. இந்த ஓடை சித்திரையிலும் ஓடும். அந்த ஓடை ஓடாது, மேலே சீகை மரம் வந்ததிலிருந்து நின்னுபோச்சு. கடைசியாகச் சொன்னது அவருக்குச் செய்தி. எனக்கு அது ஒரு டேட்டா பாயின்ட். எந்த வருஷம் நின்றது என்று கேட்டேன். "எம் மக பொறந்த வருஷம்" என்றார். மகள் சிரித்துக்கொண்டே பிறந்த வருஷத்தைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

மரக்கவிகைக்குள் ஹேண்ட் ஜிபிஎஸ் பத்து மீட்டர்கூட முன்னே பின்னே காட்டும் என்பது சர்வே படித்தவர்களுக்குத் தெரியும். பரவாயில்லை. சட்டம் சென்டிமீட்டர் கேட்கவில்லை. ஓடை, பாறை, மேடு என்று இயற்கை அடையாளம் வைத்து எல்லை சொன்னால் போதும். சாட்சியமாகக் காகிதம் மட்டும் வேண்டும் என்றும் சொல்லவில்லை. முதியவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் அது சாட்சியம். புதைகுழி சாட்சியம். சாமி கும்பிடும் இடம் சாட்சியம். பழைய வீட்டுச் சுவர் சாட்சியம். செயற்கைக்கோள் படம் கூடுதல் ஆதாரம்தான், அதை மட்டுமே வைத்து மனுவைத் தள்ளக் கூடாது. விதிகளில் இருக்கிறது இதெல்லாம்.

ஆனால் அந்த மனுவை ஓர் அலுவலகத்தில் கொடுத்தபோது, "ஸ்கேல் சரியில்லை, அங்கீகாரம் பெற்ற சர்வேயர் முத்திரை இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அப்படி ஒரு நிபந்தனை விதியில் இல்லை. அந்தப் பெரியவர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். கார்ட்னர் எழுதியது எனக்கு அங்கேதான் புரிந்தது. தரக்குறைவு நடந்த இடத்தில் அவர் நிற்க மாட்டார். மகள் நின்றார். ப்ளஸ் டூ படித்த பெண். வன உரிமைக் குழுவில் உறுப்பினர். விதி எண்ணைச் சொல்லி, "இல்லைன்னா எழுத்துல குடுங்க சார், எதனால திருப்புறீங்கன்னு" என்றார். எழுத்து என்றதும் அங்கே குரல் இறங்கியது. மனுவை வாங்கி, பதிவு எண் போட்டுக் கொடுத்தார்கள். நான் அந்த அறையில் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசத் தேவையும் இருக்கவில்லை.

இதைச் சொன்னால் இரண்டு விதமான ஆட்சேபம் வரும். "அவங்க கையில குடுத்தா ஆறு மாசத்தில வெட்டி வித்துடுவாங்க" என்பது ஒன்று. நாற்பது வருஷத்தில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போனது பளியர் கையிலிருந்தா போனது? படித்தவர்கள், திட்டம் போட்டு, பட்ஜெட் ஒதுக்கி, நட்டுத் தள்ளியதில் போனது. எனக்கு அதில் பதில் சொல்ல வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் நாகரிகமாக வரும். "அவங்களை அப்படியே காட்டுக்குள்ள வச்சுப் பூட்டப் பார்க்கிறீங்களா? அவங்க பிள்ளைங்க படிக்க வேண்டாமா, ரோடு வேண்டாமா?" இது சரியான கேள்வி. அந்தப் பெண்ணுக்கே செல்போன் டவர் வேண்டும். மழைக்காலத்தில் பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கி வருகிற நிலைமை அவருக்கு வேண்டாம். அவர் தம்பி கிழங்கு சாப்பிட மாட்டான், ரேஷன் அரிசியும் கோழிக் குழம்பும்தான். அவர்களைப் பார்க்கிற பொருளாக வைத்துக்கொள்ள எனக்கும் ஆசை இல்லை.

அதற்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. இதுதான் நம்ம ஆட்களுக்குத் தெரியாத பிரிவு. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, மருந்தகம், ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சிறு குளம், மழைநீர்ச் சேமிப்பு, மரபுசாரா எரிசக்தி, சாலை என்று பதின்மூன்று வகை வசதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. அதாவது இது ஒரு டிசைன் ப்ராப்ளம். 75 மரத்துக்குள் ரோடு அலைன்மென்ட் போடு. ஒரு ஹெக்டேருக்குள் பள்ளிக்கூடமும் சோலார் பேனலும் வை. வடிகால் எங்கே விழுகிறது, தேன் பாறைக்குக் கீழே விழுகிறதா என்று பார். ஐ.எஸ். கோடு புத்தகம் முழுக்கப் புரட்டினாலும் இவ்வளவு சுவாரசியமான கணக்கு கிடைக்காது. "ஃபாரஸ்ட் விட மாட்டாங்க சார்" என்று பைலை மூடி வைக்கிற பொறியாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல ஊர்களில் அந்தப் பைலைத் திறக்கிற சாவி கிராம சபைத் தீர்மானம்தான், அதை அவர்கள் கேட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

மேல்மலையில் இப்போது வாட்டிலை என்ன செய்வது என்று ஒரு விவாதம் நடக்கிறது. மொத்தமாக வெட்டிப் பழையபடி புல்வெளி கொண்டுவர வேண்டும் என்று ஒரு கட்சி. வெட்டினால் வெயில் பட்ட இடத்தில் வாட்டில் விதை நூறாக முளைக்கும், சில இடங்களில் அந்த நிழலிலேயே சோலைக் கன்றுகள் தானாக வருகின்றன, அங்கே கை வைக்காதே என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இடத்துக்கு இடம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இடத்துக்கு இடம் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் யார்? நாற்பது வருஷமாக நீங்கள் சர்வே எடுத்திருந்தால் நீங்கள் சொல்லலாம். இல்லாவிட்டால் எந்த ஓடை எந்த வருஷம் நின்றது என்று தெரிந்தவரைக் கேட்க வேண்டும். அவரும் எழுபதைத் தாண்டிவிட்டார். இந்த மாதிரிப் பெரியவர்கள் ஓர் ஊருக்கு இரண்டு மூன்று பேர்தான் மிச்சம். அவர்களோடு நடந்து எழுதி வைப்பதற்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது என்றுகூட எனக்கு நம்பிக்கை இல்லை.

அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சிவில் மூன்றாம் வருஷத் தம்பி தங்கைகளுக்கு சர்வே கேம்ப் உண்டு. எங்கள் காலத்தில் பத்து நாள், ஒரு காலி மைதானத்தில் கான்டூர் போட்டோம். அந்த மேப்பை யாரும் பயன்படுத்தவில்லை, மார்க் போட்டதும் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டது. துறைத்தலைவர் அவர்களிடம் இன்று காலையில் பேசினேன். கீழ்மலையில் இன்னும் மூன்று குடியிருப்புகள் வரைபடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கின்றன. கிராம சபை கூப்பிட்டால்தான் போவோம், அவர்கள் காட்டுகிற இடத்தைத்தான் குறிப்போம், வரைபடம் அவர்களுக்குச் சொந்தம், நகல்கூட அவர்களைக் கேட்டுத்தான் எடுப்போம். இந்த மூன்றுக்கும் சம்மதம் என்றால் கேம்ப்பை அங்கே வைக்கலாம் என்று சார் சொல்லியிருக்கிறார். வண்டிச் செலவுக்கு 2004 பேட்ச் அண்ணன்கள் பொறுப்பு ஏற்றிருக்கிறார்கள். அட்டைக்கடிக்கு உப்பும், கால்சட்டையை உள்ளே விட்டுக்கொள்ள நீளமான சாக்ஸும் அவரவர் பொறுப்பு.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு சர்வே லேப் வாசலில் என்னைப் பாருங்கள். தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்த இரண்டு பேர் அவசியம் வேண்டும், பெரியவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுத. கணினித் துறை ஆட்களும் வரலாம். சாப்பாடு ஆறிவிடும் என்று செயலாளர் அண்ணன் கையைக் காட்டுகிறார்.